பசை பூசிய விரிசல்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, உன் வண்டியைக் காட்டுவதற்காக என்னைக் கீழே அழைத்துப் போனாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். கூரைமேல் மடித்து வைத்த கூடாரம், அதன் பக்கத்தில் சூரியத் தகடுகள், பக்கவாட்டில் சுருட்டிய பந்தல், இரண்டு டீசல் கேன்கள், முன்னால் இரும்பு பம்பரும் வின்ச் என்கிற இழுவைச் சக்கரமும், பின்கதவில் ஏணி, அந்த ஏணிக்குப் பக்கத்தில் பழையதைவிடப் பெரிய ஸ்டெப்னி. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாய். பின்கதவைத் திறந்து உள்ளே இருக்கும் படுக்கையைக் காட்டினாய். மூடும்போது கதவு சேரவில்லை. கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிச் சாத்தினாய். "கொஞ்சம் தூக்கிச் சாத்தணும்மா, அவ்வளவுதான்" என்றாய். கதவு மூலையில், தூணும் கூரையும் சேரும் இடத்தில், விரல் நீளத்துக்குப் பசை பூசி அதன்மேல் வண்டியின் நிறத்திலேயே வண்ணம் அடித்திருந்தது. அது என்ன என்று கேட்டேன். "லேசா விரிசல். மழைத் தண்ணி எறங்குச்சு, அடைச்சிட்டேன். இப்ப ஒரு சொட்டு வராது" என்றாய்.

ஏன் ஒரு மாதிரி ஆயிட்டே என்று நீ கேட்டபோது, சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சொல்லி மாடிக்கு ஏறிவிட்டேன். என் சர்க்கரை நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன அந்த வாக்கியத்தை, கிட்டத்தட்ட அதே சொற்களில், நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒருமுறை கேட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு என் மருமகள் ரேவதியையும் பேத்தி யாழினியையும் ஏற்றிக்கொண்டு லடாக் வரைக்கும் கிளம்புகிறாய். அதற்குள் உன்னிடம் சொல்லியாக வேண்டும். நேரில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் அழுவேன், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் எழுதுகிறேன். உன் வண்டிக் கூட்டாளிகளுக்கும் படிக்கக் கொடு. போன மாதம் உன் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, இன்னும் என்னென்ன மாட்டலாம் என்று விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தானே அவர்கள்.

பழவேற்காட்டுக்கு வடக்கே ஏரிக்கரையில் நான் பிறந்த குப்பத்துக்கு உன்னை இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன். இப்போது அங்கே தார்ச்சாலை இருக்கிறது. எழுபதுகளில் அது இல்லை. வேலிக்காத்தான் புதருக்கு நடுவே மணல் தடம் ஒன்று, அது முடிந்தால் களிமண், அதற்கப்புறம் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கும் ஏரித்தரை. சாதாரண வண்டி எதுவும் உள்ளே வராது. அதனால் எங்கள் குப்பத்தார் சேர்ந்து, பட்டாளத்து ஏலத்தில் போன ஒரு பழைய வண்டியை வாங்கினார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மேலே தகரக் கூடு கட்டி வேன் மாதிரி ஆக்கினார்கள். குப்பத்தில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் என் நைனா ஒருவர்தான். அதனால் உன் தாத்தா வலையை விட்டுவிட்டு அந்த வண்டிக்கு டிரைவர் ஆனார். காலையில் இறாலும் மீனும் பழவேற்காட்டுக்குப் போகும். அதோடு நானும் பள்ளிக்கூடம் போவேன். முகத்துவாரத்தில் இறால் ஓடும் பருவத்தில் ஆண்கள் அந்த வண்டியிலேயே நாள் கணக்கில் தங்குவார்கள். உள்ளே பாய், அடுப்பு, பக்கவாட்டில் தண்ணீர் டிரம். நீ இன்று ஆசைப்படும் வாழ்க்கையை அவர்கள் வேறு வழியில்லாமல் வாழ்ந்தார்கள்.

இங்கே உனக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. இறால் நன்றாக ஓடும் இடங்களுக்கு முறை உண்டு. இன்றைக்கு உன் குடும்பம், நாளைக்கு என் குடும்பம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாட்டில் இன்னொருவர் கை வைக்க மாட்டார். அது சண்டை வராமல் காக்கும் நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் எங்கள் ஆட்கள் அந்த வழக்கத்தை அப்படியே வண்டிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்கு ஏரியில் யாருடைய பாடோ, அவருடைய பெட்டிகளுக்குத்தான் வண்டியின் கூரை. அவர் ஏற்றியதை வேறு யாரும் இறக்கக் கூடாது. அதோடு, ஒவ்வொரு பங்குக்காரரும் தன் வசதிக்கு ஒன்றை வண்டியில் பற்றவைத்தார். ஒருவர் கூரைமேல் ஆங்கிள் கம்பியில் கேரியர் போட்டார். இன்னொருவர் பின்கதவில் ஏணி வைத்தார். ஐஸ் பெட்டி நிற்க ஒரு தட்டு, துடுப்பு மாட்ட வளையங்கள், மணலில் மாட்டினால் இழுக்க முன்னால் தண்டவாளத் துண்டு. இடம் போதாமல் ஸ்டெப்னியும் பின்கதவுக்குப் போயிற்று. ஒருவர் பொருத்தியதைக் கழற்றச் சொல்ல இன்னொருவருக்கு வாய் வராது. அது அவர் பங்கு. பொருத்துவதற்கு மட்டும் எல்லோருக்கும் உரிமை இருந்தது.

நான் தினமும் பின்கதவை ஒட்டித்தான் உட்காருவேன். அங்கேதான் படிக்க வெளிச்சம் வரும். அதனால் கதவின் மாற்றங்களெல்லாம் எனக்குத்தான் முதலில் தெரிந்தன. முதலில் சாத்தும்போது கேட்கும் சத்தம் மாறியது. பிறகு கதவின் கீழ் விளிம்பில் வண்ணம் தேய்ந்து தகரம் பளபளத்தது. கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குகிறது, கீழே உரசுகிறது என்பதுதான் அதன் பொருள். பிறகு தூணின் உச்சியில் தலைமுடி போல ஒரு கோடு விழுந்தது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது அந்தக் கோடு வாய் திறந்து மூடுவதை, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன். ஐப்பசி மழையில் அதன் வழியாக என் புத்தகத்தில் தண்ணீர் சொட்டியது. அன்று மாலை நைனாவிடம் காட்டினேன்.

அவர் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இந்த அழு அழற? நாளிக்கி அடைச்சிடலாம்மா" என்றார்.

"அடைச்சா போதுமா நைனா? இது ஏன் பொளந்துகினுதுனு பாக்க வேணாமா?"

"ஏன் பொளந்துகினுது? பழசு, அதான். இன்னா, படகுல பொளவு வுடலியா? பஞ்சு வெச்சி அடைச்சா அது பாட்டுக்கு ஓடலியா? தண்ணி உள்ள வராத வரைக்கும் ஒண்ணும் பயமில்ல."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த கோவிந்தன் சித்தப்பா, நைனாவின் ஒன்றுவிட்ட தம்பி, தலை நிமிராமலே, "அண்ணாத்தே, உன் பொண்ண இஞ்சினீருக்குப் படிக்க வையி. அப்பறம் நம்ம படகையெல்லாம் தண்ணில வுட வேணான்னு சொல்லிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் நைனா படகுக்குச் செய்வதுபோலவே செய்தார். பஞ்சுத் திரியை விரிசலில் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, மேலே தார் பூசினார். வேலை சுத்தமாக இருந்தது. "இப்போ ஒரு சொட்டு வராதும்மா" என்றார், வரவும் இல்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள் என்று பல காலம் நினைத்திருந்தேன். படகின் பிளவு தண்ணீருக்கு வழி விடுகிறது, அதனால் அடைத்தால் தீர்ந்தது. வண்டித் தூணின் பிளவு தண்ணீர் வரும் வழி மட்டுமில்லை. தன்னால் இதற்கு மேல் தாங்க முடியாது என்று அந்தத் தூண் சொல்லும் சொல் அது. அதன் வாயைத் தாரால் பூசிவிட்டோம். அதற்குப் பிறகு விரிசல் எவ்வளவு நீளம் ஓடியது என்று எனக்கும் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை.

தனம் பெரியம்மாவின் இடது கை ஏன் தோளுக்கு மேலே எழும்பாது என்று சின்ன வயதில் நீ கேட்பாய். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லி வளர்த்தோம். அவள் அப்படித்தான் சொல்லச் சொன்னாள். எங்களுக்கு அம்மா இல்லை. என் தலையை வாரியது, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியது எல்லாம் இந்தத் தனம் அக்காதான். தலைப்பிரசவத்துக்குக் குப்பத்துக்கு வந்திருந்தாள். ஒரு காலையில் வலி எடுத்தது. மருத்துவம் பார்க்கிற பெண்மணி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பொன்னேரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வண்டி அப்போதுதான் புறப்பட நின்றிருந்தது. கூரை நிறைய இறால் கூடைகளும் ஐஸ் பெட்டிகளும். அன்றைக்குக் கோவிந்தன் சித்தப்பாவின் பாடு.

நைனா ஓடி வந்தார். "கோவிந்தா, மேல கீறத எறக்கிடலாம்டா. பொண்ணு வலில துடிக்குது. வண்டி லேசா போவணும்."

சித்தப்பா கூடையைக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். "எறக்கு அண்ணாத்தே. நானா வேணான்றேன்? வெயில்ல இறாலு பூடும், அவ்ளோதான். அடுத்த பாடு எனக்கு எப்போ வருமோ."

அவர் மனைவி, எங்கள் சித்தி, பாயும் துணியும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். "யோவ், நீ சொல்றதப் பாத்தா எறக்கச் சொல்ற மாரியே இல்லியே! கைய வுடுய்யா கயித்த!" என்று கத்தினாள்.

சித்தப்பா கயிற்றை விட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதற்கு முன் அவருடைய பாடு வந்தபோது வலை வெறுமையாக வந்திருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். நைனா ஏணியில் கால் வைத்துவிட்டார். அப்போது உள்ளே படுத்திருந்த அக்கா பேசினாள்.

"நைனா, இருக்கட்டும். சித்தப்பா பாடு அது. என்னாலதான் கெட்டுச்சினு நாளிக்கி ஒரு பேச்சு வரக் கூடாது. போற வழிதானே. வண்டிய எடு."

"அக்கா, தூணு ஆடுது" என்றேன்.

"நீ சொம்மா இருடி. மெதுவா போவாரு."

நைனா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் போய் உட்கார்ந்தார். சித்தப்பா முன்னால் அவர் பக்கத்தில் ஏறினார்.

காற்று வரட்டும் என்று அக்காவின் தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துப் படுக்கவைத்திருந்தோம். தலை என் மடியில். சித்தி அவள் காலடியில். நைனா உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓட்டினார். மணல் தடத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வண்டி ஒவ்வொரு முறை ஒரு பக்கம் சாயும்போதும் கூரைமேல் இருந்த பாரமும் சாய்ந்து, நிமிரும்போது இன்னொரு பக்கம் போய் இடித்தது. ஐஸ் கரைந்து பெட்டிக்குள் தண்ணீர் அலையும் சத்தம் கேட்டது. தார் பூசிய இடத்திலேயே கண்ணை வைத்திருந்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. அக்கா என் விரல்களை நெரித்தாள். "இன்னும் எவ்ளோ தூரம்?" என்றாள். "இதோ, ரோடு தெரியுது" என்று பொய் சொன்னேன்.

களிமண் தாண்டி ஏரித்தரையில் இறங்கும் இடத்தில் ஒரு வாய்க்கால் மேடு உண்டு. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் இறங்கும்போது பாயைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். பின்கதவு ஸ்டெப்னியோடும் ஏணியோடும் கீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்தது. ஒரு கணம் எனக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. கதவு போனதும் அந்தத் தூணுக்குத் துணை இல்லை. தார் பூசிய இடத்தில் அது இரண்டாக முறிந்தது. கேரியர் கூரையை அழுத்திக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வந்தது. அக்கா இடது கையை என் தலைக்கு மேலே தூக்கினாள். என்னைக் காப்பாற்றவா, பயத்திலா, நான் கேட்டதில்லை. கூரை அந்தக் கையின் மேல் நின்றது.

அக்காவை வெளியே எடுக்க நேரம் பிடித்தது. கூரையைத் தூக்க வேண்டுமானால் முதலில் கேரியரில் இருந்ததை இறக்க வேண்டும். கட்டியிருந்த கயிறுகள் இறுகிக் கிடந்தன. கோவிந்தன் சித்தப்பா பல்லால் கடித்தார். பிறகு கத்தியால் அறுத்து, தன் கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏரித்தரையில் வீசினார். அழுதுகொண்டே வீசினார். தூரத்து வயலில் இருந்து ஓடிவந்தவர்கள் கூரையைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்களுடைய மாட்டு வண்டியில் தார்ச்சாலை வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு லாரியில் பொன்னேரிக்குப் போனோம். ஆண் குழந்தை. அழவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று யாரோ சொல்லத் தொடங்கினார்கள், நைனா வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவுக்குக் குழந்தை தங்கவில்லை. எண்பதுகளில் நீ பிறந்தபோது, ஒரு கையால் உன்னைத் தூக்க முடியாமல், தரையில் உட்கார்ந்து உன்னை மடியில் வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள். எழுந்திருக்க மனமில்லாமல் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தாள்.

நைனா அந்தத் தவறைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். நீ நடக்கப் பழகிய சமயம் அது. "அவ இருக்கட்டும்னு சொன்னா. நான் கேட்டுக்கினேன். வலில கீற பொண்ணு சொல்றத கேக்கலாமாம்மா?" என்றார். அன்று அங்கே இருந்த எல்லோரும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாகத்தான் நடந்துகொண்டோம். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொருவர் விட்டுக்கொடுத்தோம். அந்த விட்டுக்கொடுத்தல் எல்லாம் சேர்ந்து கூரைமேல் போய் உட்கார்ந்துகொண்டது.

உன் வண்டி எங்கள் தகரக் கூடு இல்லை, எனக்குத் தெரியும். நல்ல இரும்பு, நல்ல வேலைப்பாடு. ஆனாலும் நின்றிருக்கும் வண்டிமேல் இருக்கும் பாரம் வேறு, குதித்துக்கொண்டு போகும் வண்டிமேல் அதே பாரம் வேறு. இடுப்பில் குடத்தோடு நடந்து பார், பிறகு அதே குடத்தோடு வரப்பிலிருந்து குதித்துப் பார், இடுப்பு சொல்லும். நிறுத்தின இடத்தில் அந்தக் கூடாரத்தில் நீங்கள் மூன்று பேரும் படுக்கலாம். அது தாங்குகிறது என்பதால் மலைப்பாதையிலும் தாங்கும் என்று நினைக்காதே. கதவு திறந்து மூடுவதற்காகச் செய்யப்பட்டது. அதில் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் அது கீலைப் பிடித்து இழுக்கும், கீல் தூணை இழுக்கும். டீசலையும் தண்ணீரையும் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் வை. இழுவைச் சக்கரத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்கிறாயா? ஒவ்வொன்றையும் மாட்டும்போது, இதற்காக எதைக் கழற்றப் போகிறேன் என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் குப்பத்தில் அதைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. ஒரே ஆள் ஓட்டும் உன் வண்டியில் அந்த ஆள் நீதான்.

ஞாயிறு இரவெல்லாம் யோசித்துவிட்டு, நேற்று ரேவதிக்குப் போன் செய்தேன். பின்கதவு மூலையைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். "பாத்தேன் அத்தே. ரெண்டு வருஷமா ராத்திரி பகலா அவரு கட்டின வண்டி. நான் எப்படி கழட்டச் சொல்வேன்? போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்றாள். என் அக்காவும் இவளை மாதிரிதான், யார் மனமும் நோகாமல் பேசத் தெரிந்தவள்.

இன்று காலை நீ எழுவதற்கு முன்பே ரேவதி யாழினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன். நீ வருவாய், கோபமாக வருவாய், வா. ஆனால் புறப்படும் முன் கீழே போய், அந்தப் பசையை நகத்தால் உரித்துப் பார். அடியில் வண்ணம் மட்டும் வெடித்திருந்தால் சொல், நானே திருஷ்டி கழித்து உங்கள் மூவரையும் ஏற்றி அனுப்புகிறேன். இரும்பு வெடித்திருந்தால், கூரையில் இருப்பதைக் கழற்றி இறக்கிவிட்டு, வெல்டிங் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வா. யாழினி என் கட்டிலில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். நீ பார்த்துவிட்டு வந்து சொல்லும் வரைக்கும் அவளை உன் கையில் கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா